70 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பாய்மப் பாடமும்! கொல்லிமலைத் தண்ணீரைக் கணினித் திரையில் படிக்கலாமா?

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலேறினால் சோளக்காடு வந்துவிடும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு வருகிறவர்களுக்கு இது சந்தை ஊர். பலா, அன்னாசி, வாழை என மலை விளைச்சலை வாங்கிக்கொண்டு, அப்படியே அரப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் கிளம்பிவிடுவார்கள்.

அந்த மலையில் வளரும் பிள்ளைகளுக்கோ தண்ணீர் சுற்றுலா அல்ல, அன்றாடம். ஓடையிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்குவது, மோட்டார் தண்ணீர் எடுக்காமல் வெறுமனே ஓடுவது, மழைக்காலத்தில் அருவியின் சத்தம் மாறுவது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அதே பிள்ளைகள் 9-ம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ பாடத்தையும், 11-ம் வகுப்பு இயற்பியலில் ‘பருப்பொருளின் பண்புகள்’ அலகையும் திறக்கும்போது அந்தத் தண்ணீர் காணாமல் போய்விடுகிறது. பாஸ்கல் விதி, பெர்னௌலி தேற்றம், ஸ்டோக்ஸ் விதி என்று மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாக மாறிவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிமுலேஷன் மென்பொருள்கள்தான் அவை. இவற்றை எப்படிப் பயன்படுத்தினால் பாடம் புரியும், எங்கே இவை ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொள்வது மாணவர்களுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் உதவும்.

கண்ணுக்குத் தெரியாத பாடம்

ஓடும், தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் பொருள்களுக்குப் பாய்மம் என்று பெயர். தண்ணீர், எண்ணெய் போலவே காற்றும் பாய்மம்தான். இந்தப் பாடம் கடினமாகத் தெரிவதற்குக் காரணம், முக்கியமான எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதே. தண்ணீர் ஓடுவது தெரியும். அதற்குள் அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது தெரியாது. தெளிந்த நீரில் எந்தப் பகுதி வேகமாகப் போகிறது, எது சுவரோரம் தயங்கி நகர்கிறது என்பதும் தெரியாது.

எனவே இந்தப் பாடத்தைப் படமாகக் காட்டிச் சொல்லித்தரும் முயற்சி பழையது. 1883-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாயக்கோடு ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தபோது கோடு நேராக ஓடியது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் கலங்கிச் சிதறியது. இன்று பாடநூலில் இருக்கும் ‘ரெனால்டு எண்’ அங்கிருந்து வந்ததுதான். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் ஆஷர் ஷபிரோ முன்னின்று பாய்மவியலுக்கென்றே கல்விப் படங்களை எடுக்க வைத்தார். அரை நூற்றாண்டு கடந்தும் பொறியியல் மாணவர்கள் அவற்றை இணையத்தில் பார்க்கிறார்கள்.

படத்தில் ஒரு குறை உண்டு. பார்க்கலாம், கை வைக்க முடியாது. ‘இந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் சுருக்கினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. சிமுலேஷன் சொல்லும்.

நோபல் விஞ்ஞானி தொடங்கிவைத்த விளையாட்டு

2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் கார்ல் வீமன். மறுவருடம், 2002-ல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய திட்டம்தான் ‘ஃபெட்’. இயற்பியல், வேதியியல், கணிதம் எனப் பல பாடங்களுக்கான சிமுலேஷன்கள் இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகெங்கும் தன்னார்வலர்கள் மொழிபெயர்ப்பதால் சில தமிழிலும் உண்டு.

பாய்மப் பாடத்துக்கு இதில் இரண்டு முக்கியமானவை. ‘அண்டர் பிரஷர்’ என்பதில் ஒரு நீர்த்தொட்டி இருக்கும். குழாயைத் திறந்து நீரை நிரப்பலாம், வடிக்கலாம். அழுத்தமானியை எடுத்து எந்த ஆழத்திலும் வைத்துப் பார்க்கலாம். தண்ணீருக்குப் பதிலாகத் தேனையோ பெட்ரோலையோ நிரப்பலாம். ஈர்ப்பு விசையைக் கூட்டலாம், குறைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்று மண்டலத்தை ஒரே கிளிக்கில் அணைக்கலாம். இந்த ஒன்றை உலகின் எந்த ஆய்வகத்திலும் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

‘ஃப்ளூயிட் பிரஷர் அண்ட் ஃப்ளோ’ என்பது இன்னொன்று. இதில் ஒரு குழாய்க்குள் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் சுவரைப் பிடித்து இழுத்து அகலமாக்கலாம், குறுக்கலாம். வேகமானி, அழுத்தமானி இரண்டும் கையில் இருக்கும். உயரமான நீர்த்தொட்டியில் துளையைத் திறந்து, நீர் எவ்வளவு தூரம் பீய்ச்சுகிறது என்றும் பார்க்கலாம்.

விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால், கொல்லிமலைக்காரர்களின் நிஜமான கேள்விகள் சிலவற்றுக்கு இதில் விடை இருக்கிறது.

மலை மேல் மோட்டார் ஏன் திணறுகிறது?

‘அண்டர் பிரஷர்’ தொட்டியில் அழுத்தமானியை நீருக்கு வெளியே வைத்தாலும் அது சுழியம் காட்டாது. 100 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேலே காட்டும். அது காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்று மண்டலத்தை அணைத்தால் முள் சுழியத்துக்கு வந்துவிடும்.

கிணற்றின் மேலே வைத்த மோட்டார் தண்ணீரை ‘உறிஞ்சுகிறது’ என்று சொல்கிறோம். உண்மையில் மோட்டார் தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றுதான் நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றால் அதிகபட்சம் சுமார் 10.3 மீட்டர் உயரம்தான் நீரைத் தள்ள முடியும். எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது.

கொல்லிமலையின் மேற்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 88 கிலோபாஸ்கல்தான். கணக்குப் போட்டால், அங்கே காற்று தள்ளக்கூடிய உயரம் 9 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். குழாய் உராய்வு, சின்னச் சின்னக் கசிவு எல்லாவற்றையும் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சமவெளியில் நன்றாக ஓடிய அதே மோட்டார் மலையில் திணறினால், குறை மோட்டாரில் இருக்க வேண்டும் என்பதில்லை. மோட்டாரை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி வைப்பதோ, நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் பயன்படுத்துவதோதான் தீர்வு.

இந்தப் பாடத்தை நிஜமாகவே மலையேறித்தான் உலகம் கற்றுக்கொண்டது. காற்றுக்கு எடை உண்டு என்று டாரிசெல்லி சொன்ன பிறகு, பிரான்ஸில் பிளேஸ் பாஸ்கல் தன் மைத்துனர் பெரியேவிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து புய் தெ தோம் மலைமேல் ஏறச் சொன்னார். 1648 செப்டம்பரில் அவர் ஏற ஏற, பாதரசம் இறங்கியது.

அதே பரிசோதனையைக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரும் பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, செல்போனில் இருக்கும் சென்சார்களை அளவுகருவிகளாக மாற்றித் தருகிறது. போனில் காற்றழுத்த சென்சார் இருந்தால் (எல்லா போன்களிலும் இருக்காது), ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் அழுத்தம் சுமார் 11 ஹெக்டோபாஸ்கல் குறைவதைத் திரையில் பார்க்கலாம். இதற்கு இணையமும் தேவையில்லை. சென்சார் இல்லாதவர்கள், அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும். மேலே வந்ததும் அது உப்பியிருக்கும்!

ஹோஸ் நுனியை அழுத்தினால் நடப்பது என்ன?

அதிக மாணவர்கள் தடுமாறும் இடம் பெர்னௌலி தேற்றம். குழாய் குறுகும் இடத்தில் நீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பாதியை நம்ப மாட்டார்கள். ‘குறுகலான இடத்தில் நெருக்கியடித்துப் போகும் நீருக்கு அழுத்தம் அதிகமாகத்தானே இருக்கணும்?’ என்பது இயல்பான சந்தேகம்.

ஃபெட் சிமுலேஷனில் குழாயின் நடுவே சுருக்கிப் பார்த்தால் தேற்றம் சொல்வதுதான் நடக்கும். விட்டத்தைப் பாதியாக்கினால், குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகும், வேகம் நான்கு மடங்காகும், அழுத்தமானி இறங்கும். அகலமான பகுதியில் ஆற அமர நகரும் நீர், குறுகலான இடத்துக்குள் நுழையும்போது வேகம் எடுக்க வேண்டும். அப்படி வேகமெடுக்க, பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் முன்னால் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இங்கேயே பாடத்தை முடித்துவிட்டால் நஷ்டம். தோட்டத்துக்கு ஹோஸ் பிடித்துப் பழகிய ஒரு பிள்ளை அடுத்ததாகக் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: ‘ஹோஸ் நுனியை விரலால் அழுத்தினா தண்ணி தூரமா பீய்ச்சுதே... விரலுக்குப் பின்னாடி அழுத்தம் கூடுற மாதிரிதானே தெரியுது?’

அந்தப் பிள்ளை சொல்வதும் சரி. திரையில் காட்டுவதும் சரி. இரண்டிலும் மாறாமல் வைக்கப்பட்டிருப்பது வேறு வேறு. சிமுலேஷனில், வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று நீரோட்டத்தின் அளவை நாமே நிர்ணயித்துவிடுகிறோம். குழாயை எவ்வளவு சுருக்கினாலும் அவ்வளவு நீரும் போயே தீரும். வீட்டில் அப்படியில்லை. அங்கே மாறாமல் இருப்பது தொட்டியின் உயரம். நுனியை அடைத்தால் வெளியேறும் நீரின் அளவு குறைகிறது. ஹோஸுக்குள் நீர் மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடுவதால் நீளமான ஹோஸில் உராய்வில் வீணாகும் அழுத்தமும் குறைகிறது. மிச்சமான அழுத்தம் விரலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அது நுனியின் சின்ன இடைவெளி வழியாக வெளியேறும்போது வேகமாக மாறிவிடுகிறது.

‘இந்தத் திரையில் எதை மாறாமல் வைத்திருக்கிறார்கள்? நம் ஊர்த் தண்ணீரில் எது மாறாமல் இருக்கிறது?’ சிமுலேஷனை வைத்துப் பாடம் எடுக்கும் எந்த ஆசிரியரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இந்தக் கேள்வி இல்லாவிட்டால் திரையில் நகரும் புள்ளிகள் இன்னொரு மனப்பாடப் பகுதியாகிவிடும்.

மேட்டிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்குகிறவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. நீர் எடுக்கும் இடம் வீட்டைவிட 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயை மூடி வைத்திருக்கும்போது கீழே கிடைக்கும் அழுத்தம் சுமார் 2 வளிமண்டல அளவு. ஹோஸ் மெல்லியதா தடியானதா, சாய்வாக வருகிறதா வளைந்து வருகிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது; உயரம் மட்டும்தான். குழாயைத் திறந்ததும் கதை மாறும். சீராக ஓடும் நீருக்குப் பாடநூலில் இருக்கும் பாய்சொய் சமன்பாட்டின்படி, ஆரத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் 16-ல் ஒரு பங்காகக் குறையும். நிஜ ஹோஸில் நீர் கலங்கி ஓடுவதால் இழப்பு அவ்வளவு இருக்காது; ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது சுருங்கிவிடும். காசு மிச்சம் என்று மெல்லிய ஹோஸ் வாங்குவது ஏன் கட்டுப்படியாகாது என்பதற்கு இதுவே பதில்.

அருவி 152 கிலோமீட்டர் வேகத்தில் விழுமா?

சிமுலேஷன் எங்கே ஏமாற்றும் என்பதற்கு ஆகாய கங்கையே நல்ல உதாரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய இந்த அருவி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதாவது, சுமார் 91 மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காத எந்த மென்பொருளில் இந்த உயரத்தைக் கொடுத்தாலும், கீழே வந்து சேரும் நீரின் வேகம் வினாடிக்கு 42 மீட்டர் என்று காட்டும். மணிக்கு சுமார் 152 கிலோமீட்டர்!

நிஜத்தில் அந்த வேகத்தில் தண்ணீர் தலையில் விழுந்தால் யாரும் அருவியில் குளிக்க முடியாது. விழும் நீர் வழியிலேயே உடைந்து துளிகளாகச் சிதறுகிறது. துளியின் வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் அதன் எடையைச் சமன் செய்துவிடுகிறது. அதற்குமேல் வேகம் கூடாது. 11-ம் வகுப்புப் பாடத்தில் இதற்கு ‘முற்றுத் திசைவேகம்’ என்று பெயர். பெரிய மழைத்துளிக்கே இது வினாடிக்கு 9 மீட்டர் அளவுதான். அருவியில் நீர் கற்றையாகச் சேர்ந்து விழும் இடங்களில் வேகம் இதைவிட அதிகமாக இருக்கும் என்பதால், குளிக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திரை சொன்ன 152-க்கும், உடம்பு உணரும் சாரலுக்கும் இடையே ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு மாணவர் யோசிக்கத் தொடங்கினால், அவர் முற்றுத் திசைவேகத்தைத் தேர்வு முடிந்தும் மறக்க மாட்டார்.

வளைவில் பிரேக்... பாஸ்கல் காப்பாற்றுவாரா?

கொல்லிமலைக்குச் சுற்றுலா வரும் குடும்பங்களுக்கும் ஒரு பாய்மப் பாடம் இருக்கிறது. கார், வேன் போன்றவற்றின் பிரேக் பாஸ்கல் விதியில் இயங்குகிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. (பெரிய பேருந்துகளில் இருப்பது பெரும்பாலும் காற்றழுத்த பிரேக்.) திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதுதான் இதன் பலம்.

70 வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் அருகே சூடு ஏறிக்கொண்டே போகும். ‘டாட் 3’ தர பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவியை அமுக்கிச் சுருக்க முடியும். பெடல் உள்ளே போகும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. எனவேதான் மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்கச் சொல்கிறார்கள் அனுபவமுள்ள ஓட்டுநர்கள். பிரேக் ஆயிலை உரிய காலத்தில் மாற்றச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

நம் நாட்டு இணைய ஆய்வகங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘ஓலேப்ஸ்’ என்ற இணைய ஆய்வகம் இருக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. தமிழ்நாட்டின் 11-ம் வகுப்பு இயற்பியல் செய்முறைப் பட்டியலில் பாய்மம் தொடர்பான இரண்டு சோதனைகள் உண்டு. ஸ்டோக்ஸ் முறையில் ஒரு திரவத்தின் பாகியல் எண்ணைக் கண்டுபிடிப்பது ஒன்று; நுண்புழை ஏற்றத்தின் மூலம் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இவை இரண்டுமே ஓலேப்ஸில் இருக்கின்றன. குண்டின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் அது விழும் வேகம் நான்கு மடங்காகிறதா என்று எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். எண்ணெய் சிந்தாது, கண்ணாடி உடையாது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகத்தின் ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி ஒருங்கிணைக்கும் இந்தத் திட்டத்தில் 100-க்கும் மேற்பட்ட ஆய்வகங்களும் 700-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளும் உள்ளன. பாய்மவியல் ஆய்வகங்களும் அவற்றில் அடங்கும். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ‘ஓபன்ஃபோம்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. குழாய் ஓட்டம் முதல் விமான இறக்கை வரை கணக்கிட்டுக் காட்டும் இதை, மும்பை ஐ.ஐ.டி-யின் ‘ஃபாசி’ திட்டம் மாணவர்களிடம் பரப்பிவருகிறது. அதே ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில், மென்பொருள் பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் திறக்கத் தேவையான வசதி அரசுப் பள்ளிகளுக்கு ஓரளவு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் 2019-ல் தொடங்கியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில், பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கமே இருக்கிறது. க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான சிமுலேஷன் திறக்கும். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று புரட்டிவிட்டுப் போகும் பக்கமும் அதுவேதான்!

சிக்னல் இல்லாவிட்டால்?

மலைப்பகுதியில் இணையம் எப்போதும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. நல்லவேளையாக, ஃபெட்டின் புதிய தலைமுறை சிமுலேஷன்களை ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் இணையம் இல்லாமலேயே பிரவுசரில் திறக்கலாம். பென்டிரைவில் போட்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். ‘அண்டர் பிரஷர்’ இந்த வகைதான். சந்தைக்கோ நாமக்கல்லுக்கோ போகும்போது சிக்னல் கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்துகொண்டால் போதும்.

40 பிள்ளைகளுக்கு ஒரே கணினி என்றாலும் வழி இருக்கிறது. ஆசிரியர் சிமுலேஷனை உடனே ஓட்டிக்காட்டக் கூடாது. ‘குழாயைச் சுருக்கப்போறேன். அழுத்தம் கூடுமா, குறையுமா, மாறாதா?’ என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுத வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாட விட வேண்டும். பிறகுதான் கிளிக் செய்ய வேண்டும். தான் நினைத்தது தவறு என்று தெரிகிற நொடியில்தான் மூளை கேட்கத் தொடங்கும்.

சிமுலேஷன் நிஜக் கருவிக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2005-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், மின்சுற்றுகளைச் சிமுலேஷனில் படித்த மாணவர்கள், பிறகு நிஜமான பல்பையும் வயரையும் வைத்துச் சுற்று அமைப்பதிலும், அதை விளக்குவதிலும், கருவிகளோடு படித்தவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். அது மின்சுற்றுக்கான முடிவு. தண்ணீரைப் பொறுத்தவரை, கொஞ்சம் கையை நனைத்துக்கொள்வதும் அவசியம் என்பதற்குக் கீழே இருக்கும் பரிசோதனையே சாட்சி.

வீட்டிலேயே செய்து பாருங்கள்!

தண்ணீர் பாட்டில் ஒன்றில் மூன்று துளைகள் போட்டு, அடித்துளையிலிருந்து வரும் நீர்தான் அதிக தூரம் போகும் என்று காட்டும் படத்தைப் பலரும் பள்ளியில் பார்த்திருப்பார்கள். அது எப்போதும் சரியா?

1. பக்கங்கள் நேராக இருக்கும் பெரிய பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 5, 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரே அளவில் மூன்று துளைகள் போடுங்கள். (சூடான ஊசியைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.)

2. துளைகளை டேப்பால் மூடி, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். பாட்டில் தரையில் இருக்கட்டும்.

3. டேப்பைப் பிரிப்பதற்கு முன், எந்தத் துளையின் நீர் தரையில் அதிக தூரத்தில் விழும் என்று வீட்டில் ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும்.

4. ஒவ்வொரு துளையாகத் திறந்து, தண்ணீர் விழும் இடத்தை உடனே குறியுங்கள். அடுத்த துளைக்குப் போகுமுன் மீண்டும் 20 சென்டிமீட்டருக்கு நிரப்ப மறக்காதீர்கள்.

அடித்துளை நீருக்கு வேகம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது தரைக்கு மிக அருகில் இருப்பதால் சீக்கிரம் விழுந்துவிடும். மேல்துளை நீருக்கு விழ நேரம் அதிகம், வேகம் குறைவு. கணக்குப்படி நடுத்துளை நீர் 20 சென்டிமீட்டர் தூரத்திலும், மற்ற இரண்டும் ஒரே தூரத்தில், 17 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியும் விழ வேண்டும். துளையின் ஓர உராய்வால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். இப்போது பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்துத் திரும்பச் செய்தால், அந்தப் பழைய படம் காட்டியபடி அடித்துளை ஜெயித்துவிடும்!

இனி யார் கணக்குப் போடுவார்கள்?

கொல்லிமலை நீரை நம்பி 20 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு மின்துறை வகுத்திருக்கிறது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்புகள் எதுவும் இல்லையென்றால் 980 கிலோவாட் கிடைக்கும் என்பது அடிப்படைக் கணக்கு. ஓடையில் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வருகிறது, அதில் எவ்வளவைத் திருப்பலாம், அருவிக்கும் வயலுக்கும் எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். குடிநீர்க் குழாய், சொட்டுநீர்ப் பாசனம், தடுப்பணை என எது வந்தாலும் யாரோ ஒருவர் இதே கணக்கைப் போடத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடும் பொறியாளரோ, அதைப் பார்த்து ‘இது சரியா?’ என்று கிராமசபையில் கேட்கும் நபரோ மலையிலேயே பிறந்தவராக இருக்கலாம். எந்த ஓடை சித்திரையில் வற்றும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். பாக்கி இருப்பது அழுத்தம், வேகம், நீரோட்டம் என்ற மூன்றையும் பயமில்லாமல் கையாளத் தெரிவது. பள்ளி ஆய்வகத்தில் கணினி இருந்தால், வாரத்தில் ஒரு பாடவேளை அதற்குப் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் அறிவியல் ஆசிரியரிடம், பாடநூலின் அந்த ‘இணையச் செயல்பாடு’ பக்கத்தை வகுப்பில் செய்து பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.